கடலூரில் ஒரு கிரேக்க வகுப்பு: ‘ப்சூக்கே’ பாடம் எப்படி இருந்தது?

கடலூர் புதுநகரில் ஆலய வளாகம் ஒன்றின் சிறு கூடத்தில், இறையியல் படிக்காத பொதுமக்களுக்காகப் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் மாலை வகுப்பாக நடத்தப்படுகிறது. ஒரு பருவத்துக்கு ஒரு சொல் என்பது ஏற்பாடு. இம்முறை எடுத்துக்கொள்ளப்பட்டது, ‘ஆத்துமா’ என்று நாம் வாசித்துக் கடந்துவிடுகிற ‘ப்சூக்கே’. லுத்தரன் சபையாரும் புதுச்சேரியிலிருந்து வரும் கத்தோலிக்கரும் கலந்து அமர்வதால், வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் 1995இல் வெளிவந்த புது மொழிபெயர்ப்பான திருவிவிலியமும் மேசையில் அருகருகே விரிந்து கிடக்கின்றன. வகுப்பின் பலமே இதுதான்.

லூக்கா 12ஆம் அதிகாரத்தில், களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைக்கும் செல்வன் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் இடத்தை ஆசிரியர் முதலில் எடுத்தார். பழைய மொழிபெயர்ப்பில் அவன் ‘ஆத்துமாவே’ என்று அழைக்கிறான்; திருவிவிலியத்தில் ‘என் நெஞ்சமே’ என்கிறான். அன்றிரவே அவனிடமிருந்து எடுக்கப்படுவது முன்னதில் மறுபடியும் ‘ஆத்துமா’, பின்னதிலோ ‘உயிர்’. கிரேக்கத்தில் இரண்டிடத்திலும் ப்சூக்கேதான். எதைப் பார்த்து ‘உண், குடி’ என்றானோ அதுவே பறிபோகிறது என்கிற குத்தல், பழைய நடையில்தான் தப்பாமல் வந்திருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் தனித்தனியே வாசிக்கும்போது திருவிவிலியத் தமிழே இயல்பாக ஒலிக்கிறது.

அப்போஸ்தலர் 27:37இல் கப்பலில் இருந்த 276 பேரும் கிரேக்கத்தில் 276 ‘ப்சூக்கே’களே. யோவான் 12:25இல் மனிதன் நேசித்து இழப்பது ப்சூக்கே; அதை வெறுப்பவன் அதைக் காத்துக்கொள்வதோ நித்திய ‘ட்ஸோயே’வுக்கென்று, அதாவது நித்திய வாழ்வுக்கென்று. பழைய தமிழில் இரண்டுமே ‘ஜீவன்’ என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுவதால், இந்த வேறுபாட்டை வகுப்புக்கு வராமல் கண்டுகொள்வது கடினம். எபிரேய ‘நெஃபெஷ்’ என்ற சொல்லை, பழைய ஏற்பாட்டின் பழங்காலக் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தா பெரும்பாலும் இச்சொல்லாலேயே பெயர்த்ததும், ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் அது நீரில் நீந்தும் உயிரினங்களுக்கும் வழங்குவதும் தெளிவாக விளக்கப்பட்டன.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. வேதத்தில் ப்சூக்கே என்றால் உயிருள்ள முழு மனிதனே, உடலைவிட்டுப் பிரியும் ஆன்மா கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவின் சரக்கு என்ற முடிவை ஆசிரியர் உறுதியாக நிறுவ முற்பட்டார். அப்படியானால் மத்தேயு 10:28 என்ன ஆகும்? சரீரத்தைக் கொல்லுகிறவர்களால் ஆத்துமாவைக் கொல்ல இயலாது என்று அங்கே இரண்டும் பிரித்தே சொல்லப்படுகின்றன. வெளிப்படுத்தல் 6:9-10இல் கொல்லப்பட்டவர்களின் ‘ப்சூக்கே’கள் பலிபீடத்தின் கீழிருந்து கூப்பிடுகின்றன. இவற்றுக்கும் அவரிடம் விடை இருக்கலாம். ஆனால் முதல் வசனம் அவசர அவசரமாகக் கடந்துபோனது, இரண்டாவது எடுக்கப்படவே இல்லை. இறந்தோருக்காக மன்றாடும் மரபில் வளர்ந்த கத்தோலிக்க அன்பர்கள் கேட்கத் தயங்கிய கேள்வி இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

கைத்தாளில் கிரேக்க எழுத்துகளின் மேலுள்ள அசைக்குறிகள் அச்சில் மங்கியிருந்தன. ‘ப்ச’ என்று தொடங்கும் உச்சரிப்புக்கு நம் நாக்கு இசைய மறுப்பதைப் பொறுமையாகத் திருத்தினார்கள். கட்டணம் தேநீர்ச் செலவுக்கு மேல் போகாது. கிரேக்க எழுத்தே தெரியாதவர்களும் சேரலாம். ஆனால் இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளையும் கையோடு கொண்டுவருபவர்களுக்கே முழுப் பயன் கிடைக்கும். அடுத்த பருவத்துக்கு ‘ப்நெயுமா’, அதாவது ஆவி, எடுக்கப்படுகிறது.