லீன் துண்டைக் கேளுங்கள்: டெக்ஸஸ் பிரிஸ்கெட் கடைகள், ஓர் ஒப்பீட்டு அலசல்

"லீனா, மாய்ஸ்ட்டா?" மத்திய டெக்ஸஸில் எந்த பார்பிக்யூ கடை வரிசையில் நின்றாலும், கத்தி பிடித்திருப்பவர் முதலில் கேட்பது இதைத்தான். பிரிஸ்கெட்டில் கொழுப்பு குறைந்த பக்கம் வேண்டுமா, கொழுப்பு வழியும் பக்கம் வேண்டுமா என்று அர்த்தம். ஊரிலிருந்து வரும் நண்பர்கள் யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்வார்கள். "கொழுப்பு கொஞ்சம் சேர்த்துப் போடுங்க பாய்" என்று கறிக்கடையில் கேட்டு வளர்ந்தவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? அதில் தப்பே இல்லை. ஆனால் எந்தக் கடை உசத்தி என்று பார்க்க வேண்டுமானால் லீன் துண்டைத்தான் வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். ஆஸ்டினில் குடியிருக்கும் இத்தனை வருடங்களில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் இது.

காரணம் கறியிலேயே இருக்கிறது. பிரிஸ்கெட் என்பது மாட்டின் முன்மார்புக் கறி. உடம்பின் பாரத்தை நாளெல்லாம் தாங்கும் தசை என்பதால் நார் நாராக, முரட்டுத்தனமாக இருக்கும். அதில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தசைகள். மேலே இருப்பது பாயின்ட், உள்ளுக்குள்ளேயே கொழுப்பு ஓடும் பாகம். கீழே இருப்பது பிளாட், தட்டையான, கொழுப்பு குறைந்த பாகம். லீன் துண்டு வருவது இதிலிருந்துதான். பாயின்டை ஓரளவு அக்கறையோடு வேகவைத்தால் போதும், உருகும் கொழுப்பே அதைக் காப்பாற்றிவிடும். பிளாட்டுக்கு அந்தத் துணை கிடையாது. உள்ளே இருக்கும் கொலாஜன் மெதுவாகக் கரைந்து ஜெலட்டினாகி, அந்த ஜெலட்டின் ஈரத்தைப் பிடித்து வைத்தால்தான் அது மெத்தென்று இருக்கும். அரை மணி நேரம் முந்தி எடுத்தால் ரப்பர், பிந்தி எடுத்தால் உதிரி.

இதில் இன்னொரு சோதனையும் உண்டு. கறியின் உள்சூடு 70 டிகிரி செல்சியஸை ஒட்டி வந்ததும் மணிக்கணக்கில் ஏறாமல் நின்றுவிடும். மேலே கசியும் ஈரம் ஆவியாகி, நம் உடம்பை வியர்வை குளிர வைப்பது போலக் கறியைக் குளிர வைத்துக்கொண்டே இருக்கும். பொறுமை இழந்து விறகை அள்ளிப் போட்டால் கதை முடிந்தது. அந்தக் கட்டத்தைத் தாண்டி, 95 டிகிரி பக்கம் வந்து, அப்புறம் இளஞ்சூட்டில் சில மணி நேரம் ஓய்வெடுத்த பிறகே வெட்டுவார்கள். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் முந்தின நாள் பிற்பகலில் அடுப்பேறிய கறி மறுநாள் மதியம் தட்டுக்கு வருகிறது. கொழுப்பை நறுக்கியதும் வேகும்போது வற்றியதும் போக, வாங்கிய எடையில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். பவுண்டு 30 டாலரைத் தொடுவது ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

சரி, கடைகளுக்கு வருவோம்.

ஆஸ்டின் கிழக்கு 11-ஆம் தெருவில் இருக்கும் ஃபிராங்க்ளின் பார்பிக்யூவைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். ஆரன் ஃபிராங்க்ளின் 2009-இல் ஒரு டிரெய்லர் வண்டியில் ஆரம்பித்தார், 2011-இல் இப்போதைய கட்டடத்துக்கு வந்தார். 2015-இல் அவருக்கு ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தது. பார்பிக்யூ அடுப்புக்காரர் ஒருவரைப் பெரிய உணவக சமையல்காரர்களோடு ஒரே தட்டில் வைத்துப் பார்த்த விருது அது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் அடித்த நேரத்தில் புகைக்கூடம் தீப்பிடித்து, சில மாதம் மூடிக் கிடந்து, நவம்பரில் திரும்பத் திறந்தார்கள். கதவு 11 மணிக்குத்தான் திறக்கும், வரிசை விடியும்போதே உருவாகிவிடும். மடக்கு நாற்காலி, புத்தகம், குளிர்பெட்டி சகிதம் ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். கடை ஆள் ஒருவர் வரிசையோடு நடந்து வந்து, யார் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, கறி யார் வரைக்கும் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நான்கு மணி நேரம் நிற்க வைத்துவிட்டுக் கடைசியில் கையை விரிப்பதில்லை.

அங்கே லீன் துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பென்சில் கனத்துக்கு வெட்டியிருப்பார்கள். ஆள்காட்டி விரலின் மேல் நடுவாகப் போட்டால் இரண்டு பக்கமும் துணி மாதிரி தொங்கும், அறுந்து விழாது. இரு முனையையும் பிடித்து லேசாக இழுத்தால் ஒரு நொடி எதிர்த்துவிட்டு அப்புறம் விட்டுக்கொடுக்கும். விளிம்பில் கரிய மேலோடு, அதற்கடியில் விரல் நகத்தளவுக்கு ரோஜா நிற வளையம். புகையிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு கறியின் நிறப்பொருளோடு சேர்ந்து உண்டாகும் நிறம் அது. உப்பும் மிளகும் மட்டும் தடவி, போஸ்ட் ஓக் என்னும் கருவாலி விறகில் வேகவைத்து, பாதியில் பழுப்புக் காகிதத்தில் சுற்றுகிறார்கள். தகரத்தாளில் சுற்றினால் மேலோடு நனைந்து இளகிவிடும். காகிதம் கொஞ்சம் மூச்சு விட விடும். நான் போன எந்த நாளிலும் இந்த லீன் துண்டு ஏமாற்றியதில்லை. பக்குவம் என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் இவர்களை மிஞ்ச ஆள் இல்லை.

ஆஸ்டினுக்கு வடகிழக்கே டெய்லர் என்ற சின்ன ஊரில் லூயி மியூலர் பார்பிக்யூ. 1949-இல் தொடங்கிய கடை, இப்போது மூன்றாவது தலைமுறை நடத்துகிறது. ஒரு காலத்தில் விளையாட்டுக் கூடமாக இருந்த உயரமான கட்டடம். பத்தாண்டுக் கணக்கில் படிந்த புகையில் சுவர் எல்லாம் தேன் நிறத்திலிருந்து கறுப்பு வரைக்கும் போய்விட்டது. சுவரில் குத்தி வைத்த முகவரி அட்டைகள்கூட அடையாளம் தெரியாமல் பழுத்துக் கிடக்கும். பாட்டி வீட்டு விறகடுப்பு அடுக்களையின் உத்தரம் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது.

இங்கே மிளகுதான் ராஜா. கரகரவென்று உடைத்த மிளகு கறியின் மேல் ஒரு சட்டை போலவே ஒட்டியிருக்கும். பல்லில் பட்டதும் காரம் மூக்குக்கு ஏறும், அதற்குப் பின்னாலேயே கறியின் இனிப்பு வரும். பக்கத்தில் வெங்காயம் மிதக்கும் நீர்த்த தக்காளிச் சாறு ஒன்று தருவார்கள், கெட்டியான இனிப்புச் சாஸ் இல்லை. மிளகு ரசமும் மிளகு வறுவலும் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு டெக்ஸஸிலேயே நெருக்கமான பிரிஸ்கெட் இதுதான் என்பேன். லீன் துண்டின் பக்குவம் ஃபிராங்க்ளின் அளவுக்கு நாள் தவறாமல் இருக்காது. சில நாள் ஓரம் கொஞ்சம் உலர்ந்திருக்கும். ஆனால் ருசியில் ஆழம் அதிகம். ஃபிராங்க்ளினில் பக்குவத்தைப் பார்த்து வியக்கிறேன், மியூலரில் தட்டைத் துடைத்துச் சாப்பிடுகிறேன். கூடவே ஒரு மாட்டு விலா வாங்கிவிடாதீர்கள், அதற்கப்புறம் பிரிஸ்கெட்டுக்கு வயிற்றில் இடம் இருக்காது.

லாக்ஹார்ட் ஆஸ்டினுக்குத் தெற்கே சுமார் 30 மைல். டெக்ஸஸின் பார்பிக்யூ தலைநகரம் என்று மாநிலச் சட்டமன்றமே பட்டம் கொடுத்த ஊர். இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதைக் கண்ணால் பார்க்க இங்கே போக வேண்டும். ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் வைத்த கறிக்கடைகளில், விற்காமல் மிஞ்சிய கறியைப் புகையில் வேகவைத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். பருத்தி எடுக்க வந்த கூலியாட்கள் அதை வாங்கி அங்கேயே நின்று சாப்பிட்டார்கள். இன்றைக்கும் தட்டுக்குப் பதில் காகிதம், எடைக்கு விலை, பக்கத்தில் வெள்ளை ரொட்டியும் வெங்காயமும் ஊறுகாய் வெள்ளரியும் என்று இருப்பது அதனால்தான்.

1900-இல் தொடங்கிய கிரூஸ் மார்க்கெட்டின் கதை நம் ஊர்க் குடும்பக் கடைகளின் கதை போலவே இருக்கும். பிற்பாடு அதை வாங்கி நடத்திய அப்பாவுக்குப் பிறகு கட்டடம் மகளுக்கும், வியாபாரம் மகன்களுக்கும் போயிற்று. ஒத்துப்போகவில்லை. 1999-இல் மகன்களில் ஒருவர் ஊரின் இன்னொரு பக்கத்தில் பெரிய கொட்டகை கட்டி, பழைய அடுப்பின் கங்கை ஒரு தொட்டியில் போட்டுத் தெருவழியே இழுத்துக்கொண்டு போய்ப் புது அடுப்பை மூட்டினார். கிரூஸ் என்ற பெயர் அங்கே போயிற்று. பழைய இடம் ஸ்மிட்டீஸ் மார்க்கெட் ஆயிற்று. ஸ்மிட்டீஸில் பின்வாசல் வழியாக நுழைந்தால், தரையிலேயே திறந்தபடி விறகு எரிந்துகொண்டிருக்கும். அந்த நெருப்புக்கு ஓரடி தள்ளித்தான் நாம் வரிசையில் நிற்க வேண்டும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பிரிஸ்கெட்டுக்காக மட்டும் போவதானால் இந்த இரண்டையும் முதலில் சொல்ல மாட்டேன். மற்ற கடைகளைவிட அதிகச் சூட்டில், குறைந்த நேரத்தில் வேகவைக்கும் பழைய முறை இது. மாட்டின் தோள்கறிக்கும் சாசேஜுக்கும் அது பிரமாதமாகப் பொருந்தும். பிளாட் துண்டுக்கு அந்த அவகாசம் போதுவதில்லை, நாக்கில் கொஞ்சம் வறட்சி தட்டும். அதே ஊரில் 1932 முதல் நடக்கும் பிளாக்ஸில் லீன் துண்டு இவற்றைவிட ஒரு படி மேல். ஒரே நாளில் மூன்றையும் சாப்பிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

லெக்சிங்டன் என்ற ஊரில் இருக்கும் ஸ்னோஸ் கடை சனிக்கிழமை மட்டும் திறக்கும், அதுவும் காலை 8 மணிக்கு. 2008-இல் டெக்ஸஸ் மன்த்லி பத்திரிகை மாநிலத்திலேயே முதல் கடை என்று எழுதியது. 2017-இல் திரும்பவும் அதே இடம். அங்கே அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் டூட்சி டொமனெட்ஸ் அம்மா 1935-இல் பிறந்தவர், 1960-களிலிருந்து இதே வேலை. வாரநாளில் பள்ளிக்கூடத்தில் துப்புரவுப் பராமரிப்பு வேலையும் பார்த்தவர். மண்வாரியில் கங்கை அள்ளி அடுப்புக்கடியில் பரப்பிவிட்டு, நீளக் கைப்பிடித் துடைப்பத்தால் புளிப்புச் சாற்றைக் கறியின் மேல் தடவிக்கொண்டே போவார். அந்தக் கை வேகத்தைப் பக்கத்தில் நின்று பார்ப்பதற்கே அத்தனை தூரம் வண்டி ஓட்டலாம். இங்கே பிரிஸ்கெட் அமைதியானது. உப்பு, மிளகு, புகை மூன்றும் ஒன்றை ஒன்று முந்தாது. லீன் துண்டு ஃபிராங்க்ளினுக்கு அடுத்த இடம், சில சனிக்கிழமை சமமாகவே இருந்திருக்கிறது. ஆனால் பிரிஸ்கெட்டோடு நிறுத்திவிட்டுக் கிளம்பாதீர்கள். டூட்சி அம்மாவின் பன்றித் தோள் துண்டைச் சாப்பிடாமல் வந்தால் ஸ்னோஸுக்குப் போனதாகவே அர்த்தமில்லை.

பார்பிக்யூவுக்குப் பேர்போன இன்னொரு ஊரான கன்சாஸ் சிட்டியை ஏன் விட்டுவிட்டாய் என்று அங்கிருக்கும் என் மச்சான் சண்டைக்கு வருவார். விடவில்லை, அது வேறு பாணி. ஆர்தர் பிரையன்ட்ஸ் கடையில் பிரிஸ்கெட்டை மெல்லிசாகச் சீவி, வெள்ளை ரொட்டி நடுவில் குவித்து, புளிப்பும் மிளகாயும் சேர்ந்த சாஸை ஊற்றித் தருகிறார்கள். முன்பெல்லாம் வெட்டும்போது விழும் கருகிய நுனிகளைக் கவுன்டரில் சும்மா எடுத்துத் தின்ன விடுவார்களாம். இன்று அந்த பர்ன்ட் எண்ட்ஸ்தான் ஊரின் அடையாளம். அங்கே கறியும் சாஸும் சேர்ந்தது ஒரு பண்டம். லீன் துண்டைத் தனியாக எடுத்து விரலில் தொங்கவிட்டுப் பார்ப்பது அந்த ஊருக்கு நியாயமான பரீட்சை இல்லை.

நியாயமான பரீட்சையில் தோற்ற கடைகளும் உண்டு. நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில், பெயர் வேண்டாம், மாலை ஏழு மணிக்கு வாங்கிய லீன் துண்டு விரலில் வைத்ததுமே மரத்தூள் போல உதிர்ந்தது. காலையில் வெந்த கறியைச் சூட்டுப்பெட்டியில் போட்டு நாளெல்லாம் காய வைத்திருக்கிறார்கள். பாயின்டையும் பிளாட்டையும் நார் ஓடும் திசை பார்க்காமல் ஒரே போக்கில் வெட்டியிருந்தார்கள். இரண்டிலும் நார் வேறு வேறு திசையில் ஓடும். தெரிந்த கை, இரண்டும் சேரும் இடம் வந்ததும் கறியைத் திருப்பிப் போட்டு நாருக்குக் குறுக்கே வெட்டும். இதை மட்டும் கவனித்தாலே, காசு கொடுப்பதற்கு முன்பே கடையைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் அதைச் சனிக்கிழமையாக வைத்துக்கொள்ளுங்கள். இருட்டோடு கிளம்பி லெக்சிங்டனில் வரிசைக்கு நில்லுங்கள். இருவர் என்றால் அரை பவுண்டு லீன், ஒரு பன்றித் துண்டு, அதற்கு மேல் வேண்டாம். திரும்பும்போது டெய்லர் வழியாக வாருங்கள். மியூலரில் மதியக் கூட்டம் சேருவதற்குள் போய்விடலாம். ஸ்னோஸ் கறியின் ருசி நாக்கில் மிச்சமிருக்கும்போதே மியூலரின் மிளகுத் துண்டைக் கடித்துப் பாருங்கள். ஃபிராங்க்ளினுக்கு இன்னொரு நாள் லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போங்கள்.