பிரவுணியும் றிமோட் பட்டியும்: இரண்டு வருட அனுபவம்

பிரவுணி ஊர் நாய்க் கலப்பு. 4 வயது, 18 கிலோ. எங்கள் வீடு திருகோணமலை உவர்மலையில். திருமலையில் நாய் வளர்ப்பவர்களுக்கு மான் தொல்லை தெரியும்; புள்ளிமான்கள் பிரெட்ரிக் கோட்டைக்குள் மட்டும் நிற்பதில்லை, டவுன் வரைக்கும் வந்து மேயும். ஒருநாள் இவன் சங்கிலியைப் பறித்துக்கொண்டு துரத்த, மான் ஒன்று ஓட்டோவுக்கு முன்னால் பாய்ந்து மயிரிழையில் தப்பியது. அந்தக் கிழமையே, கழுத்தில் கட்டிவிட்டு தூரத்தில் நின்று றிமோட்டால் இயக்கும் பயிற்சிப் பட்டி வாங்கினேன்.

பீப் சத்தம், அதிர்வு, ஷொக் மூன்றும் அதில் இருந்தன. ஷொக்கை என் கையில் வைத்துப் பார்த்தேன். ஆகக் குறைந்த அளவிலேயே கை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. அதை அவனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை, இன்றுவரை கொடுக்கவும் இல்லை. வேல்ஸில் 2010இலேயே ஷொக் பட்டிக்குத் தடை வந்துவிட்டது. வலிக்கும் நேரத்தில் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை நின்றால், பிள்ளையால்தான் வலித்தது என்று நாய் நினைத்துக்கொள்ளக்கூடும். இனி வாங்குபவர்கள் அதிர்வு மட்டும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கிய கையோடு பட்டனை அமுக்கவும் வேண்டாம். முதல் கிழமை சும்மா கட்டிக் கழற்றினேன். பிறகு வளவுக்குள் மெல்லிய அதிர்வு, திரும்பிப் பார்த்ததும் அவித்த கோழித் துண்டு. அதிர்ந்தால் ஓடி வர வேண்டும் என்று பிடிபட மூன்று கிழமை ஆனது. அப்புறம்தான் நீளக் கயிற்றோடு கடற்கரை. அதிர்வுக்கே ஒடுங்கி நடுங்கும் நாய் என்றால் பட்டியை விட்டுவிடுங்கள், விசிலில் பழக்கலாம்.

நான் விட்ட பெரிய பிழை, பட்டியைக் கழற்றாமல் விட்டது. உப்புவெளியில் கடல் குளித்து வந்த அலுப்பில் அப்படியே படுக்க விட்டேன், மறுநாளும் கழற்றவில்லை. அக்காவின் மகன் அவனைக் கட்டிப்பிடித்துவிட்டு, "மாமா, பிரவுணியிட கழுத்து மணக்குது" என்றான். மயிரை விலக்கினால், பட்டியின் உட்பக்கத்தில் ஷொக் கொடுப்பதற்கென்று இருக்கும் இரண்டு உலோக முனைகளும் பட்ட இடத்தில் காசு போல இரண்டு வட்டப் புண், சுற்றிவர ஈரம். ஷொக்கே கொடுக்கவில்லையே என்று பதறிப்போனேன். முனை ஒரே இடத்தில் அழுத்தினால் அந்தத் தோலுக்கு இரத்த ஓட்டம் குறையும், உப்புத் தண்ணியும் வெக்கையும் சேர்ந்தால் கெதியில் புண்ணாகும் என்றார் மிருக வைத்தியர். ஆறும்வரை அவன் கழுத்தைத் தொட விடவில்லை.

இப்போது நடக்கப் போகும் ஒரு மணித்தியாலம் மட்டும்தான் பட்டி. கட்டினால் இரண்டு விரல் உள்ளே போக வேண்டும். வந்ததும் கழற்றி, முனைகளையும் கழுத்தையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கிறேன். சங்கிலியை இதில் கொழுவக் கூடாது, இழுக்கும்போது முனை குத்தும். அதற்கு வேறு பட்டி இருக்கிறது. பற்றரி முன்போல் நிற்பதில்லை, மற்றபடி பட்டி நன்றாகவே வேலை செய்கிறது.

போன கிழமை கோட்டை வாசலடியில் மூன்று மான்கள். காது இரண்டும் விறைத்து நின்றான். றிமோட்டைத் தொடாமல் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மானை ஒருதரம், என்னை ஒருதரம் பார்த்தான். பிறகு வந்து என் சட்டைப் பையை மணந்தான்.