பீனியாவில் ‘முன் ஆய்வு’ சேவை: ஷெட் சுற்றுக்குக் காசு கொடுக்கலாம், பைலுக்கு வேண்டாம்

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்பே வந்து, அவர் பார்க்கிற மாதிரியே ஷெட்டைச் சுற்றிப் பார்த்துக் குறைகளை எழுதித் தரும் ஆட்கள் பெங்களூரு பீனியா பக்கம் உண்டு. உலோகத் தகட்டை அழுத்தி வெட்டி வடிவமைக்கும், நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு பிரஸ் ஷாப்புக்கு எடுத்த அப்படியொரு சேவையின் மதிப்பீடு இது. ஷெட் சுற்று, ஆவண பைல், தீயணைப்பான் ரீஃபில் என மூன்றையும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். மூன்றும் ஒரே தரம் இல்லை.

ஷெட் சுற்று அருமை. ஷிஃப்ட் ஓடும் நேரத்தில் வந்தார்கள், அதுவே பாதி வெற்றி. மெஷின் நிற்கும்போது கையைக் காக்கும் தடுப்பான கார்டு எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருக்கும். ஓடும்போதுதான் எது கழன்று சுவரோரம் சாய்ந்திருக்கிறது என்று தெரியும். ஒரு பவர் பிரஸ்ஸில், இரண்டு கையும் வெளியே இருந்தால்தான் ஓட வேண்டும் என்று வைத்த இருகைப் பட்டன்களில் ஒன்றை டேப் சுற்றி அமுக்கி வைத்திருந்தார்கள். டேப்பைப் பிய்த்துப் போட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. ஒரு பட்டன் அமுங்கியே இருந்தால் மேலிருந்து அடிக்கும் பாகமான ராம் இறங்கவே கூடாது. இரண்டையும் அரை நொடிக்குள் சேர்த்து அழுத்த வேண்டும், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் இரண்டையும் விட்டுவிட்டு அழுத்த வேண்டும். டேப்போடு பிரஸ் ஓடுகிறதென்றால் பட்டன்களைக் கண்காணிக்கும் ரிலேயின் வயரிங்கே தப்பு. அந்த டையில் (பீஸுக்கு வடிவம் தரும் அச்சில்) பீஸைக் கையால்தான் எடுக்க வேண்டியிருக்கிறது என்பதையும் குறித்தார்கள். பீஸைத் தானாக வெளியே தள்ளும் எஜெக்டரோ இடுக்கியோ கொடுக்காவிட்டால் மறுநாளே டேப் திரும்பி வந்துவிடும்.

பெஞ்ச் கிரைண்டரிலும் கண் கூர்மை. கல்லுக்கும், பீஸைத் தாங்கும் ஒர்க் ரெஸ்ட்டுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. கல் தேயத் தேய ரெஸ்ட்டை முன்னால் நகர்த்த யாருக்கும் தோன்றுவதில்லை. பீஸ் உள்ளே இழுபட்டுக் கல் உடைவது இதனால்தான். குடிநீர்ப் பலகை ஆங்கிலத்தில் மட்டும் இருந்ததை மாற்றச் சொன்னார்கள். அந்த ஷெட்டுக்குக் கன்னடமும் தமிழும் இந்தியும் வேண்டும்.

பைல் சுமார்தான். தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. இவர்கள் அச்சடித்துத் தரும் படிவமோ இன்னும் 1948 தொழிற்சாலைச் சட்டத்தைத் தாண்டவில்லை. பாரம் தூக்கும் செயின் பிளாக்குக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய சோதனைச் சான்றிதழை வைத்திருந்தார்கள், சரி. ஆனால் சான்றளிப்பவருக்கு அரசுத் துறை தந்த அங்கீகாரம் எந்தத் தேதி வரை செல்லும் என்பதற்கான நகல் பைலில் இல்லை. அது இல்லாமல் சான்றிதழ் வெறும் காகிதம். கேட்டு வாங்குங்கள்.

ரீஃபில் மோசம். ஒன்பது 6 கிலோ ஏபிசி பவுடர் சிலிண்டர்கள் புது ஸ்டிக்கரோடு திரும்பி வந்தன. ஒன்றின் ஹோஸ் வாயில் குளவி கட்டிய மண்கூடு அப்படியே இருந்தது! அழுத்தமானியான கேஜின் முள் பச்சையில் நின்றால் அழுத்தம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். பவுடர் நல்லபடியாக இருப்பதற்கு அது சாட்சி இல்லை. பிரஸ் அதிர்வில் பவுடர் அடியில் இறுகிப்போகும். சிலிண்டரைத் தலைகீழாகப் பிடித்தால் உள்ளே சரியும் அசைவு கைக்குத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் கட்டிதான். ‘டெஸ்ட்’ என்று சொல்லி ஒரு நொடி அடித்துப் பார்த்தாலும் வம்பு. வால்வில் பவுடர் சிக்கி, சில நாளில் அழுத்தம் இறங்கிவிடும். மின் பேனல் அருகே மாட்டும் சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) சிலிண்டருக்குக் கேஜே கிடையாது. வால்வில் பொறித்த முழு எடையோடு தராசில் ஒப்பிட வேண்டும். வாயு பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் நிரப்ப அனுப்புங்கள். எதையும் அனுப்பும் முன்னும் வந்த பின்னும் ஸ்டோர் தராசில் எடை போட்டு, எண்ணைச் சிலிண்டர் நம்பரோடு எழுதி வையுங்கள்.

முதலுதவிப் பெட்டியைச் சட்டப் பட்டியல்படி நிரப்பித் தந்தார்கள். பழைய பட்டியல்களில் பாம்புக்கடிக்குக் கீறும் கத்திகூட உண்டு. இன்று எந்த டாக்டரும் கடிவாயைக் கீறச் சொல்ல மாட்டார்.

அழுத்திக் கேட்டால் ஷெட் சுற்றை மட்டும் தனியாகத் தருகிறார்கள். ஆய்வுக்கு ஒரு மாதம் முன்பே அழையுங்கள். ரிலே மாற்ற எலக்ட்ரீஷியன் கிடைக்கவே ஒரு வாரம் ஆகிவிடும்.