கயாக் இறக்கும் கரையைத் தேட கூகுள் எர்த் புரோ: ஒரு மதிப்புரை

கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் அமர்ந்து தூண்டில் போடப் புதிதாக வருபவர்கள், எந்தக் கயாக்கை வாங்குவது, எந்தக் கோலை எடுத்துச் செல்வது என்று அலசும் அளவுக்கு, எந்தக் கரையிலிருந்து நீரில் இறங்குவது என்பதை அலசுவதில்லை. ஆனால் தொடக்க மாதங்களில் ஒருவருக்கு இது பிடித்துப்போவதும் வெறுத்துப்போவதும் பெரும்பாலும் அந்தக் கரையைப் பொறுத்தே அமைகிறது. காற்று மறைந்த, சரிவு குறைந்த, நீரோட்டம் இழுக்காத ஓர் ஓரத்தை வீட்டில் இருந்தபடியே தேடுவதற்கு நான் தொடர்ந்து பயன்படுத்திவருவது உலகைச் செயற்கைக்கோள் படங்களாகக் காட்டும் கூகுள் எர்த் புரோ என்னும் கணினி மென்பொருள். அதை இந்த ஒரு வேலைக்கான கருவியாக மட்டும் கொண்டு இங்கே மதிப்பிடுகிறேன்.

கூகுள் எர்த் 2005இல் வெளிவந்தது. ஒரு காலத்தில் கட்டணம் செலுத்தியவர்களுக்கு மட்டுமே கிடைத்த அதன் புரோ பதிப்பு 2015 முதல் இலவசம். கைபேசிச் செயலி வழியில் எடுத்துப் பார்க்க வசதியானதுதான் என்றாலும், கரை தேடும் வேலைக்குப் பெரிய திரையும் சுட்டியும் வேண்டும் என்பதால், நான் கணினிப் பதிப்பையே பரிந்துரைப்பேன்.

இதில் எனக்கு முதலில் பயன்படுவது ரூலர் என்னும் அளவுகோல். கயாக்கை இறக்க நினைக்கும் இடத்தில் ஒரு சொடுக்கு, எதிர்க்கரையில் இன்னொரு சொடுக்கு. இடையே மஞ்சள் கோடு ஒன்று விழுகிறது, அதன் நீளமும் வடக்கிலிருந்து அது திரும்பியுள்ள பாகையும் சிறு சாளரத்தில் தெரிகின்றன. ஒரு நீர்நிலையில் அலை எவ்வளவு எழும் என்பதைக் காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையில்லாமல் அது கடந்துவரும் நீர்ப்பரப்பின் நீளம் ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன. மூன்றாவதை இந்தக் கோடு நேரடியாக அளந்து தந்துவிடுகிறது. தென்மேற்குக் காற்று வீசும் என்று முன்னறிவிப்பு சொன்னால், காற்று அந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பொருள். ஆகவே இறங்குமிடத்திலிருந்து 225 பாகையில் கோட்டை இழுத்து, எந்தக் கரையில் அது முட்டுகிறது என்று பார்க்க வேண்டும். முட்டும் தொலைவு சில நூறு மீட்டருக்குள் இருந்தால், மிதமான காற்றிலும் அங்கே சிற்றலைகளுக்கு மேல் எழுவதில்லை. அதே காற்று பல கிலோமீட்டர் திறந்த நீரைக் கடந்து வருமானால், கயாக்கில் ஏறி அமரும் அந்தச் சில நொடிகளிலேயே பக்கவாட்டு அலை அதைப் புரட்டிவிடக்கூடும்.

இத்துடன் நிறுத்திவிடக் கூடாது என்பதைப் புதியவர்களிடம் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காற்று வரும் திசையில் கரையும் மரங்களும் நெருக்கமாக இருப்பதால் கண்ணாடிபோல் கிடக்கும் ஓரத்தில், அந்தக் காற்று கரையிலிருந்து நீரை நோக்கி வீசுகிறது. துடுப்பை மடியில் வைத்துவிட்டுத் தூண்டிலைக் கவனித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், அது கயாக்கை ஓசையில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டே போகும், போகப் போக அலையும் வளரும். எனவே இரண்டாவது கோடு ஒன்றை எதிர்த்திசையில், அதாவது 45 பாகையில் இழுத்துப் பார்ப்பது கட்டாயம். அது 400 மீட்டரில் மறுகரையைத் தொட்டால், கையோய்ந்தாலும் காற்று நம்மை ஒரு கரையில்தான் கொண்டு சேர்க்கும். தொடாமல் திறந்த ஏரியிலோ கடலிலோ போய் முடிந்தால், முன்கரை எத்தனை அமைதியாகத் தோன்றினாலும் அன்றைக்கு அந்த இடம் வேண்டாம். இரண்டு கோடுகளுமே குட்டையாக விழும் இடங்கள், அதாவது வளைந்து உள்ளே நுழையும் குடாக்களும் நீர்த்தேக்கங்களின் கிளை விரல்களும், தொடக்கநிலைக்காரருக்கு மிகவும் உகந்தவை.

மென்பொருளின் ஆகச் சிறந்த வசதி என்று நான் கருதுவது பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாகப் பின்னோக்கிப் பார்க்கும் காலக்கோடு. மேல்பட்டையில் உள்ள கடிகாரக் குறியைத் தொட்டு நழுவலை இடப்புறம் நகர்த்தினால், அதே கரை வெவ்வேறு பருவங்களில் கண்முன் மாறுகிறது. ஓர் ஆண்டின் படத்தில் நீர் நிறைந்து புல் விளிம்பைத் தொடுகிறது. வறண்ட ஆண்டின் படத்தில் அதே இடத்தில் ஐம்பது மீட்டர் அகலத்துக்குச் சேறு வெடித்துக் கிடக்கிறது. முழங்கால் புதையும் சேற்றில் முப்பது கிலோ கயாக்கை இழுப்பது என்னவென்று அறிந்தவர்கள் இந்த ஒரு படத்துக்காகவே நன்றி சொல்வார்கள். கோடையில் நீர்க்களை எவ்வளவு தொலைவுக்குப் படர்கிறது என்பதும் இப்படித்தான் தெரியவருகிறது.

மீன் பிடிப்பவருக்கு இந்தக் காலக்கோடு இன்னொன்றும் தருகிறது. நீர் வற்றிய ஆண்டின் படத்தில் நீர்த்தேக்கத்தின் அடித்தளம் வெளிப்படும்போது, மூழ்கிப்போன பழைய ஆற்றின் வளைவு, வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள், பாறைக் குவியல், கைவிடப்பட்ட சாலை என, நிறைந்த நீரில் ஒருபோதும் பார்க்க முடியாதவை எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. மீன்கள் ஒதுங்குவது இத்தகைய இடங்களில்தான். அவற்றின்மீது குறியிட்டுவிட்டு, நீர் நிறைந்த படத்துக்குத் திரும்பினால் குறிகள் அப்படியே நிற்கும். இறங்குமிடத்திலிருந்து இருநூறு மீட்டருக்குள் இப்படி ஒரு குறி அமைந்துவிட்டால், புதியவர் வெகுதூரம் துடுப்புப் போட வேண்டிய தேவையே இல்லை. பெரும்பாலோர் நெடுநேரம் தாங்கும் வேகம் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர்தான். எதிர்க்காற்றில் அதுவும் வெகுவாகக் குறையும்.

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து நீர்விளிம்பு வரை தூக்கிச் செல்ல வேண்டிய தொலைவையும் அதே அளவுகோல் சொல்லிவிடும். ஆனால் கரையின் சரிவைக் கணிக்க உயர வரைபடத்தை நம்ப வேண்டாம். மலைச்சரிவைக் காட்டும் தரவு சில அடி உயரமுள்ள கரை மேட்டைக் காட்டுவதில்லை.

இம்மென்பொருளின் எல்லைகள் கடுமையானவை. இது ஆழத்தைக் காட்டாது, நீரோட்டத்தைக் காட்டாது, ஓதம் எப்போது ஏறி எப்போது வடியும் என்று சொல்லாது. உப்பங்கழியில் இறங்குபவர் ஓத அட்டவணையைத் தனியே பார்த்தாக வேண்டும். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் நடு இரண்டு மணி நேரத்தில்தான் நீர் மிக வேகமாக ஓடுகிறது, முகத்துவாரத்தின் அருகே அந்த ஓட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போடுவது புதியவரால் ஆகாத காரியம். ஆற்றில் குறுக்கே தெரியும் மெல்லிய நேர்க்கோடு தடுப்பணையாக இருக்கலாம். அதன் கீழே சுழன்று திரும்பும் நீர் வலிமையான நீச்சல்காரரையும் விடாது என்பதால், அப்படி ஒரு கோட்டைக் கண்டால் அந்தப் பகுதியையே பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறேன்.

காற்றுக்கு விண்டி போன்ற முன்னறிவிப்புச் சேவை துணை நிற்கும். அதில் சராசரிக் காற்றைவிடத் திடீர் வீச்சுக்கான அடுக்கைப் பார்ப்பதே முக்கியம். மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர் வரையிலான காற்று, காற்றின் வலிமையை நிலைகளாகப் பிரிக்கும் பியூஃபோர்ட் அளவையில் மூன்றாம் நிலை. திறந்த நீரில் அலைமுடிகள் உடையத் தொடங்குவதும் அங்கேதான். புதியவருக்கு அதுவே எல்லையாக இருக்கட்டும். இத்தகைய சேவைகள் பயன்படுத்தும் ஐரோப்பிய வானிலைக் கணினி மாதிரியின் கணிப்பு ஏறத்தாழ 9 கிலோமீட்டர் கட்டங்களில் அமைவதால், ஒரு சிறிய குடாவுக்குள் காற்று எப்படி வளைந்து வரும் என்பதை அது அறியாது. வெயில் ஏற ஏறக் கடலோரங்களில் கடற்காற்று எழும் என்பதால், பொதுவாக அதிகாலையே அமைதியான நேரம்.

திரையில் தேறிய இடத்தைக் கயாக் இல்லாமல் ஒரு முறை நேரில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். படகுத்துறையின் காங்கிரீட் சரிவில் நீர்மட்டத்துக்குக் கீழே படிந்திருக்கும் பாசி, வழியை அடைக்கும் பூட்டிய கதவு, அனுமதி இல்லை என்னும் பலகை ஆகிய எதையும் வானிலிருந்து எடுத்த படம் சொல்லாது. இவற்றை நேரில் குறித்துக்கொண்டு வந்து, அந்த இடக்குறியின் விவரப் பெட்டியிலேயே எழுதி வைக்கலாம்: எந்தக் காற்றுக்கு இந்தக் கரை ஏற்றது, எதற்கு ஆகாது, இடையில் ஏற வேறு எங்கெல்லாம் கரை இருக்கிறது என்பன போன்றவை. குறிகளை ஒரே கோப்பாகச் சேமித்துக் கைபேசிக்கும் அனுப்ப முடிகிறது. அதே கோப்பை வீட்டில் இருப்பவருக்கும் அனுப்பி, எந்தக் குறியில் இறங்குகிறோம், எத்தனை மணிக்குக் கரையேறுவோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.