"1969 அசல்" என்று அப் 5 நாற்காலி விற்கிறார்கள், கவனம்

மிலானில் பழைய டிசைன் நாற்காலி வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கயெத்தானோ பேஷே வடிவமைத்த அப் 5 நாற்காலியை, "1969 முதல் உற்பத்தி" என்று ரசீதிலேயே எழுதி ஒரு பழம்பொருள் வியாபாரி எனக்கு விற்றார். அது பல வருடம் கழித்துத் திரும்பத் தயாரித்த மறுவெளியீடு.

பெண்ணுடல்போல் வளைந்த இருக்கை, காலடியில் கயிற்றால் பிணைத்த பந்து. பெண் சிறைப்பட்டிருக்கிறாள் என்பதை உட்காரும் பொருளிலேயே சொன்னவர் பேஷே. எனக்கு அதைவிடப் பெரிய அதிசயம் அந்தக் காலத்தில் அது வீடு வந்து சேர்ந்த விதம். உள்ளே மரச்சட்டம் இல்லை, இரும்பு இல்லை, முழுக்கப் பாலியூரித்தேன் நுரை. காற்றை உறிஞ்சி, பத்தில் ஒரு பங்காக நசுக்கி, பிவிசி உறையில் தட்டையாக அடைத்து விற்றார்கள். உறையைப் பிரித்தால் நாற்காலி தானாகவே எழும்பி நிற்கும். அந்தத் தலைமுறை நாற்காலி ஒன்று வேண்டும் என்றுதான் அவ்வளவு விலை கொடுத்தேன்.

சுத்தம் செய்யும்போது அடியில் ஒட்டியிருந்த துணித்துண்டு பிரிந்து வந்தது. அதன் கீழே பி அண்ட் பி இத்தாலியா லேபிள். 1969இல் அப்படி ஒரு பெயரே கிடையாது! அன்று தயாரித்தது சி அண்ட் பி இத்தாலியா. 1973இல்தான் பெயர் மாறியது, அப் 5 உற்பத்தியும் அந்த ஆண்டோடு நின்றது. 2000இல் திரும்ப வந்தது சாதாரணமாக அச்சில் வார்த்த நுரை, உறைக்குள் நசுக்கி வந்ததல்ல. அதுவும் நல்ல நாற்காலிதான். லேபிளை மறைத்து அசல் விலைக்கு விற்றதுதான் மோசடி.

கேட்டால், "டிசைன் 1969தானே" என்கிறார். ரசீதில் இருப்பது "உற்பத்தி" என்ற சொல். இத்தாலிய நுகர்வோர் சட்டப்படி, சொன்னதும் கொடுத்ததும் ஒத்துப்போகாவிட்டால் கடைக்காரர்தான் பொறுப்பு. பழைய பொருளானாலும் அந்தப் பொறுப்பை ஓராண்டுக்குக் கீழே குறைக்க முடியாது. அதனால் தயாரித்த நிறுவனம், ஆண்டு இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

நுரையையும் அழுத்திப் பாருங்கள். ஒளியும் காற்றும் பட்டுப் பாலியூரித்தேன் மஞ்சளாகி, இறுகி, பொடிப்பொடியாக உதிரும். ஐம்பது வருடம் கடந்த நாற்காலி புதுசுபோல் துள்ளினால், நுரையை மாற்றினீர்களா என்று கேளுங்கள்.

பாதிப் பணம் தருகிறேன் என்கிறார், நான் ஒப்புக்கொள்ளவில்லை. நுகர்வோர் சங்கம் வழியாகக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். இதற்கிடையில் அதே கடையில் இன்னொரு சிவப்பு அப் 5 விற்பனைக்கு வந்திருக்கிறது, அதன் அட்டையிலும் 1969 என்றே எழுதியிருக்கிறார்கள்.