அத்தையும் நான்கு கேள்வித்தாள்களும்

குடியாத்தம் அத்தைக்கு எடை 94 கிலோ. காட்பாடி–பாகாயம் டவுன் பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வருவார். "உக்காந்தா பக்கத்துல கீறவங்க மூஞ்சிய சுளிக்கறாங்கடா" என்பார். உடல் பருமன் உள்ளவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கேள்வித்தாள்களில் எதற்காவது இந்த பஸ் சீட் தெரிகிறதா என்று பார்க்க, நான்கை எடுத்து அவரிடமே கேட்டேன்.

முதலில் எஸ்எஃப்-36. எந்த நோயாளியிடமும் கேட்கக்கூடிய 36 கேள்விகள். சர்க்கரைக்காரரையும் இதய நோயாளியையும் பருமனானவரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கலாம், அதுதான் இதன் பலம். படியேறுவது, குனிவது எல்லாம் கேட்கிறது. மிதமான வேலைக்கு ஆங்கில மூலம் தரும் உதாரணங்களில் ஒன்று கோல்ஃப். "அது இன்னாடா?" என்றார் அத்தை. உறவு, நட்பு பார்க்கப் போவதை உடல்நிலை தடுத்ததா என்று கேட்டதற்கு, இல்லை என்றார். நின்றுகொண்டாவது போய்விடுகிறாரே!

ஈக்யூ-5டியில் ஐந்தே கேள்விகள், அதுவும் இன்றைய நிலை மட்டும். கூடவே உடல்நிலைக்கு 0 முதல் 100 வரை ஓர் அளவுகோல்; 100 என்றால் மிக நன்று. அத்தை 70-இல் கோடு போட்டார். அன்றைக்கு வெயில் குறைவு, முட்டி சும்மா இருந்தது. கூட்டம் மொய்க்கும் முகாமுக்கு இது சரி. ஒருத்தரின் எடைச் சிகிச்சையைத் தொடர்ந்து கவனிக்க இதை மட்டும் நம்பமாட்டேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் டபிள்யூஎச்ஓ கியூஓஎல்-பிரெஃப் என்னும் 26 கேள்வித் தாளை உருவாக்கிய பணியில் நம் சென்னைக்கும் பங்குண்டு. பணம், பாதுகாப்பு, சுற்றுப்புறம், போக்குவரத்து என்று வீட்டுக்கு வெளியேயும் எட்டிப் பார்க்கிறது. போக்குவரத்து வசதியில் திருப்தியா? "பஸ்ஸுக்கு இன்னா கொறச்சல், வந்துகினே கீது" என்று முழுத் திருப்தி போட்டுவிட்டார்.

நான்காவது, பருமனுக்கென்றே செய்த ஐடபிள்யூகியூஓஎல்-லைட். 31 கேள்விகள்: உடலியக்கம், தன்மதிப்பு, தாம்பத்தியம், பொது இடத்துச் சங்கடம், வேலை. பொது இடத்து இருக்கையில் உடம்பு அடங்குமா என்ற கவலை உண்டா என்று கேட்டதுமே பஸ் கதை வெளியே வந்துவிட்டது. ஆனால் இதில் ஒரு சிக்கல். எதைக் கேட்டாலும் 'என் எடையினால்' என்ற முடிச்சோடு வரும். "முட்டி வலி எடையாலயா, வயசாலயான்னு எனக்கெப்படித் தெரியும்?" என்றார். டாக்டரே தயங்கும் கேள்வி அது. தாம்பத்தியப் பக்கம் வந்ததும் தாளை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு நான் டீ போடப் போனேன். பிள்ளை வயதில் இருப்பவன் வாசித்தால் அந்த நான்கு கேள்விக்கும் உண்மையான பதில் வராது.

எடை குறைப்பு சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பார்க்க நான் லைட்டைத்தான் எடுப்பேன், பக்கத்தில் எஸ்எஃப்-36-ஐயும் வைத்து. முட்டி வலி எதனால் என்று அது கேட்பதில்லை, வலி எவ்வளவு என்றுதான் கேட்கிறது.

லைட்டில் ஷூ கயிறு கட்டுவது இருக்கிறது. அத்தை போடுவது செருப்பு. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுவதோ நான்கிலும் இல்லை. தாளின் அடியில் பென்சிலால் அதை எழுதினேன். "மொதல்ல அதக் கேட்டிருக்கணும்" என்று சுவரைப் பிடித்து எழுந்தார்.