கைச்சுற்றளவு நாடா: இடம்பெயரும் குடும்பங்களுக்கு ஏற்ற கருவி

பிழைப்புக்காக ஊர் ஊராகப் போகும் குடும்பங்களில் குழந்தையின் எடைப் பதிவு பாதியில் நின்றுவிடும். பிறந்த தேதிகூடப் பல நேரம் தெரியாது. அந்த இடத்தில், குழந்தையின் மேற்கையைச் சுற்றி அளந்து மெலிவைக் காட்டும் இந்த மூவண்ண நாடா உண்மையிலேயே கைகொடுக்கிறது. 6 முதல் 59 மாதக் குழந்தைகளுக்கானது. 115 மி.மீ.க்குக் கீழ் சிவப்பு, அதாவது கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு. 125க்குக் கீழ் மஞ்சள், அதற்கு மேல் பச்சை.

அளப்பது எளிது, தவறுவதும் எளிது. இடது முழங்கையை மடக்கி, தோள் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் சரிபாதியில் குறியிடுங்கள். பிறகு கையைத் தளரத் தொங்கவிட்டுச் சுற்றுங்கள். இறுக்கினால் சதை பிதுங்கி அளவு குறையும். தளர்ந்தாலோ, சட்டை மேலேயே அளந்தாலோ, மெலிந்த குழந்தை பச்சையில் போய்விடும். இதுதான் ஆபத்தான பிழை.

நீண்ட காலமாகச் சத்துக் குறைந்து உயரம் குன்றியதை இது காட்டாது. அதற்கு உயரப் பலகையும் சரியான வயதும் வேண்டும். சத்துக் குறைவால் வரும் வீக்கமும் நாடாவில் தெரியாது. இரு பாதங்களையும் கட்டைவிரலால் 3 விநாடி அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் குழி நின்றால், நாடா பச்சை காட்டினாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தாய்மாருக்கே பழக்கிக் கொடுத்துவிடுவது நல்லது. அடுத்த வேலையிடத்துக்கும் நாடா கூடவே போகும். மடிப்பு விழுந்ததை மாற்றிவிடுங்கள்.